அலுவலக நண்பர்களோடு ஓவிய வகுப்பு: குடிக்காதவர் போகலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 34. எங்கள் டீமில் ஒருவர் வேறு ஊருக்கு மாறிப் போகிறார். அவரை வழியனுப்ப, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் ஒரு 'பெயின்ட் அண்ட் சிப்' ஸ்டுடியோவுக்குப் போவதாக மேனேஜர் ஏற்பாடு செய்திருக்கிறார். வைன் குடித்துக்கொண்டே ஓவியம் வரைவார்களாம். நான் இதுவரை மதுவைத் தொட்டதில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தால்தான் என்ன என்றும் சில நேரம் தோன்றுகிறது. ஓவியமோ எட்டாம் வகுப்போடு சரி. டிராயிங் சார் என் நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டிச் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. ஊரிலிருந்து மாமியார் வேறு வந்திருக்கிறார். யாராவது போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தவிர்த்துவிடலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது, என்ன உடுத்துவது, எவ்வளவு செலவாகும்? (பெயர் வேண்டாம், பிளேனோ)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போய் வாருங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டாம். இந்த மாதிரி ஸ்டுடியோக்களில் மாலை வகுப்பு எடுக்கும் ஓவிய ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் மதுவைப் பற்றி நிறைய எழுதியிருந்தாலும், உங்களை உண்மையில் தயங்க வைப்பது அந்த எட்டாம் வகுப்பு நோட்டுதான் என்று எனக்குப் படுகிறது. வகுப்புக்கு வரும் பெரியவர்கள் பாதிப் பேர் கதவருகே நின்று முதலில் சொல்வதே, "எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்பதுதான். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எங்கோ ஒரு பள்ளியில் யாரோ ஒருவர் சிரித்த கதை வெளியே வரும். அதனால் அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். மது விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

அங்கே யாரும் உங்களைக் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். கட்டணம் ஓவியத்துக்கு, பானம் அவரவர் விருப்பம். அமெரிக்காவில் எல்லோரும் குடிப்பார்கள் என்று நமக்கு ஓர் எண்ணம் உண்டு. 2025-ல் கேலப் நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 54 சதவீதம் பேர்தான் மது அருந்துவதாகச் சொன்னார்கள். 1939-லிருந்து அவர்கள் கேட்டுவரும் கேள்வி இது. இவ்வளவு குறைவாக எப்போதும் வந்ததில்லை. பத்துப் பேர் உட்காரும் மேசையில் நான்கைந்து பேர் குடிக்காதவர்களாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஒருவர் மாத்திரை சாப்பிடுபவர், ஒருவர் கர்ப்பிணி, ஒருவர் குடியை விட்டு மீண்டு வந்தவர், ஒருவர் எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியவர். யாரும் யாரிடமும் காரணம் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், "எனக்குச் சோடா போதும், நன்றி" என்று சிரித்த முகத்தோடு ஒரு வரி சொன்னால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். மதம், வளர்ப்பு, ஊர்ப் பழக்கம் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால்தான் அது பேசுபொருளாகும். இன்னொரு வழி, போனதுமே எலுமிச்சைத் துண்டு போட்ட சோடா ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது. கையில் கிளாஸ் இருப்பவரிடம் யாரும் "என்ன குடிக்கிறீர்கள்" என்று கேட்பதில்லை.

சில ஸ்டுடியோக்களில் பார் இருக்கும். சிலவற்றில் பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். உங்கள் ஸ்டுடியோ இரண்டாவது வகையென்றால், மதுவில்லாத திராட்சை ஸ்பார்க்லிங் ஜூஸ் ஒரு பாட்டில் வாங்கிப் போங்கள். மேசையில் வைத்தால் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டு வாங்குவார்கள்.

குடித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியது நல்லது. முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அதில் நான் அனுமதி கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் முதல் முறை அந்த மாலையில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேனேஜர் எதிரே, புது இடத்தில், கார் சாவி பையில் இருக்கும்போது உங்கள் உடம்பு மதுவை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாமே. 5 அவுன்ஸ், அதாவது சுமார் 150 மில்லி வைனை இங்கே ஓர் அளவு என்று கணக்கு வைக்கிறார்கள். நண்பர்கள் அன்போடு ஊற்றும் கிளாஸில் அது ஒன்றரை அளவாகவோ இரண்டாகவோ இருக்கும்; பார்த்தால் தெரியாது. இனிப்பு வைன் என்றால் ஜூஸ் போலத் தொண்டையில் இறங்கிவிடும். உடம்பு ஓர் அளவை வெளியேற்றச் சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். காபி குடித்தாலும் நடந்தாலும் அது வேகமாகாது. உடல்நலத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. 'கொஞ்சம் வைன் இதயத்துக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுச் சோடாவைக் குடியுங்கள்.

நீங்களோ உங்கள் கணவரோ விசாவில் இருப்பவர்கள் என்றால் இதையும் சொல்லியாக வேண்டும். டெக்சாஸில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் வண்டி ஓட்டுவது குற்றம். அதற்குக் குறைவாக இருந்தாலும், ஓட்டும் நிதானம் தவறியது என்று போலீசுக்குப் பட்டால் கைது செய்யலாம். 2015-க்குப் பிறகு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானவரின் விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை நடைமுறையையே மாற்றியிருக்கிறது. தண்டனை உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; கைது போதும். இங்கே வேலையைத் தொடர முடிந்தாலும், ஊருக்குப் போனால் திரும்பிவரப் புது விசா எடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். எனவே குடிப்பவர் யாராக இருந்தாலும் ஊபரிலோ குடிக்காதவரின் காரிலோதான் வீடு திரும்ப வேண்டும். குடிக்காத நீங்கள் யாரையாவது கொண்டுபோய் விடுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: மிச்சமிருக்கும் திறந்த பாட்டிலைக் காருக்குள், ஆட்கள் உட்காரும் பகுதியில் வைத்திருப்பதும் டெக்சாஸில் குற்றம். டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, இனி ஓவியத்துக்கு வருவோம்.

இந்த வகுப்பு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி குறையும். 2002-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் 'சிப்ஸ் என் ஸ்ட்ரோக்ஸ்' என்ற ஸ்டுடியோ இப்படித் தொடங்கியது. கத்ரீனா புயல் 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப்போட்டது. இரண்டு ஆண்டு கழித்து, அந்த ஊருக்கு ஏரியின் மறுகரையில் இருக்கும் மான்டெவில்லில் கேத்தி டியானோ, ரெனீ மலோனி என்ற இரண்டு பெண்கள் ஒரு ஸ்டுடியோ திறந்தார்கள். அதுதான் இன்று 'பெயின்டிங் வித் எ ட்விஸ்ட்' என்ற பெரிய சங்கிலி நிறுவனம். 2009-ல் உங்கள் மாநிலத்து ஹூஸ்டனில் 'பினோஸ் பேலட்' வந்தது. 2012-ல் பாஸ்டனில் 'பெயின்ட் நைட்', பார்களுக்கே கேன்வாஸைக் கொண்டுபோனது. களைத்துப்போன மனிதர்கள் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்து கையால் ஏதாவது செய்வதற்காக ஏற்பட்ட இடம் அது. அங்கே மார்க் போடுவார் இல்லை. நோட்டைத் தூக்கிக் காட்டுவாரும் இல்லை.

நடைமுறை இதுதான். உள்ளே போனதும் ஒரு ஏப்ரன் தருவார்கள். உங்கள் இடத்தில் சின்ன ஈசல் (படத்தை நிறுத்தி வைக்கும் தாங்கி), அதில் 16-க்கு 20 அங்குல கேன்வாஸ், ஒரு காகிதத் தட்டில் சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று அக்ரிலிக் வண்ணம், பெரிதும் நடுத்தரமும் சிறிதுமாக மூன்று பிரஷ், ஒரு கப் தண்ணீர், பேப்பர் டவல். ஆசிரியர் முன்னால் நின்று அன்றைய படத்தைப் படிப்படியாக வரைவார், நீங்களும் கூடவே வரைவீர்கள். இரண்டு மணி நேரம், சில இடங்களில் மூன்று. முதலில் பின்னணி, அது காய ஒரு இடைவேளை, அப்புறம் பெரிய வடிவங்கள், கடைசியில் நுணுக்கம். இடைவேளையில்தான் பெரும்பாலும் கிளாஸ்கள் நிரம்பும். அந்த நேரத்தில் எழுந்து போய் மற்றவர்கள் படத்தைப் பாருங்கள். வழியனுப்பப்படும் நண்பரோடு பேசவும் அதுதான் நல்ல நேரம்.

அக்ரிலிக்கைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் முதல் வகுப்பிலேயே உங்கள் கை நிதானமாக இருக்கும். ஆசிரியருக்கு இவற்றையெல்லாம் சொல்ல அன்று நேரம் இருக்காது.

அது சீக்கிரம் காயும். மெல்லிய பூச்சு பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். வானம் மாதிரி இரண்டு நிறம் ஒன்றோடொன்று கலந்து இறங்க வேண்டிய இடத்தை, பெரிய பிரஷ்ஷால், ஈரம் இருக்கும்போதே தயங்காமல் இழுத்து முடித்துவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினால் அடியில் இருப்பது பிய்ந்து வரும். அங்கேதான் முதல்முறை வருபவர்கள் பதறிப்போய் இன்னும் தேய்ப்பார்கள். அப்படி ஆனால் கையை எடுத்துவிடுங்கள். நன்றாகக் காயட்டும். மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் கீழே நடந்தது யாருக்கும் தெரியாது. அக்ரிலிக்கில் எனக்கு மிகவும் பிடித்த குணமே இதுதான். வாட்டர் கலரில் ஒரு தவறு படம் முழுக்க நின்று பேசும். அக்ரிலிக்கில் எதையும் மூடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

வண்ணம் கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும். பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே வண்ணத்தில் விட்டால் நீர்த்துப்போய் கேன்வாஸில் கோடு கோடாக வழியும். ஒவ்வொரு முறையும் பேப்பர் டவலில் ஒற்றி எடுத்துவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே மேசையில் பாதிப் பேரைவிட உங்கள் படம் சுத்தமாக வரும்.

கறுப்பைத் தொடும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். வெளிர் நிறத்தை எடுத்துக்கொண்டு அதில் துளித்துளியாக அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் தட்டில் இருக்கும் வெள்ளை முழுவதும் தீர்ந்தாலும் நிறம் வெளுக்காது. காய்ந்ததும் அக்ரிலிக் ஒரு பிடி அடர்ந்து தெரியும் என்பதால், நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் வெளிறியதாகவே கலந்துகொள்ளுங்கள். இரவு வானத்தில் மஞ்சள் நிலா வைக்கச் சொன்னார்கள் என்றால், நீலத்தின் மேல் நேராக மஞ்சளை வைக்காதீர்கள். மஞ்சள், ஒளி ஊடுருவும் நிறம்; பச்சையடித்துப் போகும். முதலில் வெள்ளையால் வட்டம் போட்டுக் காயவிட்டு, அதன் மேல் மஞ்சள். நிலா பளிச்சென்று நிற்கும். பக்கத்தில் இருப்பவர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார், சொல்லிக் கொடுங்கள்.

பிரஷ் கழுவும் கப்பை நீங்கள் வரையும் கைப்பக்கமும், குடிக்கும் கிளாஸை மறுபக்கமும் தள்ளி வையுங்கள். கவனம் முழுக்கப் படத்தில் இருக்கும்போது பிரஷ் சோடாவில் முங்குவது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. இந்த ஸ்டுடியோக்களில் பயன்படுத்துவது பெரும்பாலும் நச்சில்லாத மாணவர் வகை வண்ணம்தான். ஆனாலும் அந்தக் கிளாஸைக் கொட்டிவிட்டு வேறு வாங்குங்கள். வண்ணம் பட்ட விரலோடு எதையும் எடுத்துச் சாப்பிட வேண்டாம்.

எட்டாம் வகுப்பு நோட்டுக்கு வருகிறேன். நம் பள்ளிகளில் டிராயிங் பீரியடை எப்படி நடத்தினார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போர்டில் ஒரு பூச்சாடி. அதை அச்சாக எடுத்தவனுக்கு 'குட்', வராதவனுக்குச் சிரிப்பு. பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் அந்தப் பீரியடையும் வாங்கிக்கொள்வார். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத பாடத்தில் ஃபெயிலானதாக ஒரு பெண் இருபது வருடம் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் டிராயிங் சாருக்கு அன்று என்ன கஷ்டமோ, தெரியாது. ஆனால் அவர் செய்தது தப்பு, அதை யாராவது உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு தயக்கமும் உங்களுக்கு வரலாம்: ஆசிரியர் வரைவதைப் பார்த்து வரைவது காப்பிதானே, இதில் என்ன கலை இருக்கிறது? படித்தவர்கள் பலர் இப்படிக் கேட்டுத்தான் இந்த வகுப்புகளை மட்டமாக நினைக்கிறார்கள். இதற்குப் பதில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலேயே இருக்கிறது. ஃபோர்ட் வொர்த்தில் கிம்பல் கலை அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. அங்கே 2009-ல் வாங்கிய ஒரு சின்ன ஓவியம், 'புனித அந்தோணியாரின் வேதனை'. மிக்கலாஞ்சலோ பன்னிரண்டு பதிமூன்று வயதில் வரைந்தது. அவர் தீட்டிய படங்களில் நமக்குத் தெரிந்தவரை அதுதான் முதலாவது. அது காப்பிதான். ஜெர்மன் ஓவியர் மார்ட்டின் ஷோன்கவர் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்றைப் பார்த்து அந்தப் பையன் வரைந்தான். அச்சுப்படத்தில் நிறம் கிடையாது. அந்தோணியாரைச் சூழ்ந்து தொல்லை கொடுக்கும் பேய்களுக்கு மீனைப் போன்ற உடலும் துடுப்பும் உண்டு. அவற்றுக்கு என்ன நிறம் கொடுப்பது? அவன் மீன் சந்தைக்குப் போய், மீன்களின் துடுப்பையும் கண்களையும் பார்த்துவிட்டு வந்து வரைந்தான் என்று, அவருடைய சீடர் கொண்டிவி 1553-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. படத்தின் பெரும்பகுதி ஷோன்கவரிடமிருந்து வந்தது. மீன் அவனே போய்ப் பார்த்தது.

இந்தக் கதையை என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். காப்பி செய்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஓவியம் இப்படித்தான் கற்றுக்கொள்ளப்பட்டது. அதில் ஏதாவது ஓர் இடத்தையாவது நீங்களே பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் மரம் வரையச் சொன்னால், ஆசிரியர் மரத்தையே போடுங்கள். ஆனால் முந்தின நாள் ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கும் மரத்தை இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். நிழல் பக்கம் இலை என்ன நிறம்? பச்சை என்று நாம் நினைப்போம், பார்த்தால் நீலம் கலந்திருக்கும். அந்த நீலத்தை மட்டும் உங்கள் மரத்தில் கொண்டுவாருங்கள். அப்போது அந்தப் படம் உங்களுடையது. முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிம்பலுக்கே போய்வரலாம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஓவியம் உங்களுக்குத் தரப்போகும் கேன்வாஸைவிடச் சற்றுச் சிறியது என்பதையும் கவனியுங்கள்.

வகுப்பு நடுவில், பின்னணியும் பெரிய வடிவங்களும் முடிந்து நுணுக்கம் தொடங்காத நேரத்தில், உங்கள் படம் மிக மோசமாகத் தெரியும். எல்லோருடையதும் அப்படித்தான் தெரியும், என்னுடையதும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அந்த நேரத்தில் பக்கத்து ஈசலைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். எழுந்து ஆறடி பின்னால் போய் நின்று பாருங்கள். நாம் ஒரு அடி தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு வரைகிறோம், சுவரில் மாட்டிய பிறகு எல்லோரும் ஆறடியிலிருந்துதான் பார்க்கப்போகிறார்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துச் சின்னதாகப் பார்த்தாலும் எங்கே வெளிச்சம் குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மது இல்லாமல் அந்த இடத்தில் மனம் இளகுமா என்று நினைக்கலாம். பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் காகிதம் ஒட்டவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசாலை அளந்தார்கள். மன அழுத்தத்தோடு ஏறும் ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அது இறங்கியிருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. 2016-ல் வெளியான ஆய்வு. சிறிய ஆய்வுதான், ஆனால் வகுப்பில் நான் பார்ப்பதும் அதுவே. முதல் அரை மணி நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மேசை, பின்னணி பூசத் தொடங்கியதும் அடங்கிவிடும். வைன் கிளாஸ்கள் பாதியிலேயே நிற்கும். குடிப்பவர்களுக்குக்கூட நினைவு வராது. அதற்கு மாறாக, இரண்டாவது மூன்றாவது கிளாஸுக்குப் போனவர்கள் கடைசி நுணுக்கத்தில் கை நடுங்கிப் படத்தைக் கெடுத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். குடிக்காத உங்களுக்கு அன்று அனுகூலம்தான்.

உடையைப் பற்றி: பழைய பருத்தி உடை போதும். ஜீன்ஸும் குர்தாவும் சரியாக இருக்கும். துப்பட்டா வேண்டாம், தட்டில் தோயும். பட்டு, லினன், அலுவலகத்துக்கென்று வைத்திருக்கும் நல்ல சட்டை எதுவும் வேண்டாம். நேராக ஆபீஸிலிருந்து போவதென்றால் ஒரு மாற்று மேலாடை காரில் இருக்கட்டும். கையை முழங்கைவரை மடித்துக்கொள்ளுங்கள், வளையலையும் மோதிரத்தையும் வீட்டில் வைத்துவிடுங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். துணியில் வண்ணம் பட்டால் அந்த நிமிடமே குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும். காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக்காக இறுகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலைத் தடவித் தேய்த்துப் பார்க்கலாம், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது.

செலவு: இந்த வகுப்புகளுக்குப் பொதுவாக ஆளுக்கு 35-லிருந்து 50 டாலர். கேன்வாஸும் வண்ணமும் அதில் அடக்கம், பானமும் சாப்பாடும் தனி. ஆபீஸ் ஏற்பாடு என்பதால் கட்டணத்தை நிறுவனமே கொடுக்கலாம். மேனேஜரிடம் தயங்காமல் கேளுங்கள். பாரில் வாங்கினால், சோடாவாக இருந்தாலும், ஒரு டாலர் டிப்ஸ் வையுங்கள். ஆசிரியருக்கு டிப்ஸ் ஜாடி இருந்தால் ஐந்து டாலர் போடலாம். மாலை முழுக்க நின்று சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் ஓவியக் கல்லூரி முடித்துப் பல இடங்களில் பகுதி நேரம் பார்ப்பவர்கள். சைவம் என்றால் கிளம்புமுன் வீட்டில் சாப்பிட்டுவிடுங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சீஸ், பிஸ்கெட், சிப்ஸ்தான். அடையாள அட்டை ஒன்றும் எடுத்துப் போங்கள், 21 வயது ஆகிவிட்டதா என்று வாசலிலேயே பார்க்கும் இடங்கள் உண்டு.

வீட்டு விஷயம். மாமியாரிடம் மறைத்துவிட்டுப் போக வேண்டாம். மறைத்தால்தான் போட்டோ பயமே வரும். "ஆபீஸில் ஒருத்தரை வழியனுப்புறோம் அத்தை, படம் வரையுற கிளாஸ், சிலர் வைன் குடிப்பாங்க, நான் குடிக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கணவர் இருக்கும்போது சொல்வது இன்னும் நல்லது. முகம் கொஞ்சம் சுருங்கலாம். சுருங்கட்டும், ஒரு நாளில் சரியாகிவிடும்; ஃபேஸ்புக்கில் வேறு யார் மூலமோ தெரிந்தால் அவ்வளவு சீக்கிரம் சரியாகாது. குழுப் படம் எடுக்கும்போது, உங்கள் கேன்வாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். படத்தில் உங்கள் கையில் ஓவியம்தான் இருக்கும். பெயரை டேக் செய்ய வேண்டாம் என்று சொல்வதும் இங்கே சாதாரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்த படத்தின் ஓரங்களையும் பின்னணி நிறத்தால் பூசிவிடுங்கள், ஃபிரேம் இல்லாமலே மாட்டலாம். கீழ் மூலையில் பெயரும் தேதியும் தமிழிலேயே போடுங்கள். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் கனமாகப் பூசிய இடங்கள் உள்ளே ஈரமாக இருக்கும். அதனால் காரில் தட்டையாக, முகம் மேலே பார்க்க வையுங்கள், இன்னொருவர் படத்தோடு முகத்துக்கு முகம் அடுக்க வேண்டாம். இரவே வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், டெக்சாஸ் வெயிலில் பூட்டிய காரில் கிடந்தால் அக்ரிலிக் இளகி எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்று என்ன படம், பார் இருக்கிறதா அல்லது நாம் கொண்டுவர வேண்டுமா, வெளியிலிருந்து சாப்பாடு எடுத்து வரலாமா. பதினைந்து நிமிடம் முன்னதாகப் போனால் ஆசிரியருக்கு எதிரே, அவர் கை தெரியும் இடம் கிடைக்கும். இடது கையால் வரைபவர் என்றால் மேசையின் இடது ஓரத்தில் உட்காருங்கள், பக்கத்தவர் முழங்கையோடு இடிக்காது. முதல்முறை வருகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கம் அடிக்கடி வருவார்.